துருவம் மாறும் க்ஷணம்

காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசிகள் நம் ஊர்க் கடைவாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை உபயோகித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். எண்ணைச் சுழற்றிவிட்டு எத்தனை நேரம் காத்திருந்தாலும் அந்தப் பெட்டி காசைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்து ஒருவரும் எடுக்காமற் போனால் நாணயம் நம்மிடமே தங்கிவிடும். ஆனால் மறுமுனையில் இருப்பவர் கருவியைக் கையில் எடுத்த மாத்திரத்தில், நாணயத்தை உள்ளே தள்ளினாலொழிய நம் குரல் அவர் காதுக்குப் போகாதபடி அது வழியை அடைத்துவிடும். எடுத்தாயிற்று என்ற செய்தி, இரண்டே இரண்டு செப்புக் கம்பிகளைத் தவிர வெளியுலகத்தோடு வேறெந்தத் தொடர்பும் இல்லாத அந்தப் பெட்டிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது?

தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் அவ்விரு கம்பிகளுக்கும் இடையே 48 வோல்ட் அளவுள்ள நேர்மின்சாரம் எப்போதும் இருந்துகொண்டிருக்கும். ஒரு கம்பி பூமியின் மட்டத்தில் நிற்க, மற்றொன்று அதற்கு 48 வோல்ட் கீழே நிற்கும். மறுமுனையில் உள்ளவர் எடுத்ததும், தொலைபேசி நிலையம் இவ்விரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிவிடுகிறது. அதுவரையில் மேலே இருந்த கம்பி கீழே போய்விடுகிறது, கீழே இருந்தது மேலே வந்துவிடுகிறது. பேசுகிறவர் காதில் இதனால் ஒரு சிறு சொடுக்கொலி விழலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. காசுப்பெட்டிக்குள் இருந்த சின்னஞ்சிறு மின்சுற்று ஒன்று இந்தத் தலைகீழ் மாற்றத்தையே எதிர்பார்த்துக் காத்திருந்து, அது நேர்ந்த கணத்தில் தன் அதிகாரத்தைச் செலுத்தத் தொடங்கியது. இந்த மாற்றம் எல்லாக் கருவிகளுக்கும் உவப்பாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் பொத்தானை அழுத்தி எண்களை இசையொலியாக அனுப்பும் தொலைபேசிகள் முதலில் வந்தபோது, கம்பிகள் தலைகீழாக இணைந்திருந்தால் பொத்தான்கள் ஊமையாகிவிட்டன. பிற்பாடு நான்கு டையோடுகளை ஒரு பாலமாகக் கட்டி உள்ளே வைத்து, எந்தக் கம்பி எந்தப் பக்கம் இருந்தாலும் கருவிக்குக் கவலையில்லாதபடி செய்துகொண்டார்கள்.

தொலைபேசியில் ஒரு சம்பாஷணைக்கு ஓரிரு முறை நேரும் இந்த நிகழ்ச்சி, நம் வீட்டு மின்சாரத்தில் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மாறுமின்சாரம் செகண்டுக்கு 50 முறை முழுச் சுழற்சி பெறுவதால், அதன் துருவம் செகண்டுக்கு 100 முறை மாறுகிறது. அதாவது, 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அது பூஜ்யத்தைக் கடந்து மறுபக்கம் போகிறது. ஒலிவாங்கியில் பிறக்கும் மின்னலை, இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி காணும் மின்னலை, மோட்டார் சுழலும்போது காந்தச் சுருளில் எழும் மின்னலை ஆகிய யாவும் அவ்வாறே பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஆடுகின்றவைதாம். அவை எந்த க்ஷணத்தில் பக்கம் மாறுகின்றன என்று அறிந்து சொல்லும் எளிய சுற்று ஒன்றை நாமே அமைத்துக்கொள்வது எப்படி என்பதைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம்.

முதலில் தோன்றும் யோசனை எவருக்கும் தோன்றக்கூடியது. சிவப்பு எல்.இ.டி. ஒன்றையும் பச்சை எல்.இ.டி. ஒன்றையும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகச் சேர்த்து, ஒரு ரெசிஸ்டரின் வழியாக மின்கம்பிகளில் இணைத்துவிட்டால், மின்சாரம் ஒரு திசையில் ஓடும்போது சிவப்பும் எதிர்த்திசையில் ஓடும்போது பச்சையும் எரியும். கம்பிகளைச் சோதிக்கும் சில கருவிகளில் இன்றைக்கும் இதற்கு மேல் வேறொன்றும் இருப்பதில்லை; அந்த வேலைக்கு அது போதும். ஆனால் எல்.இ.டி. எரிவதற்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். அதற்குக் குறைந்த மின்னலைகளுக்கு அது குருடு. மேலும், இப்போது எந்தப் பக்கம் என்று அது சொல்லுகிறதே தவிர, பக்கம் மாறியது என்று சொல்வதில்லை. மாறியதைக் கண்டுகொள்ள வேண்டியவர்கள், விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான். எதிரில் ஒருவர் உட்கார்ந்து, சற்று முன்பு எரிந்தது எந்த நிறம் என்று மனத்தில் வைத்திருந்தாலொழிய, மாறுதல் என்ற ஒன்று அந்தச் சுற்றுக்குள் எங்குமே இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஸ்திதியை அறிவது வேறு, மாறுதலை அறிவது வேறு. முன்னதற்குக் கண் இருந்தால் போதும். பின்னதற்கு ஞாபகமும் வேண்டும், அது ஒரு மைக்ரோசெகண்டு ஞாபகமாக இருந்தாலும் சரியே. நாம் அமைக்கப்போகும் சுற்றில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு உறுப்புக்கள்தாம் இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் அந்த ஞாபகத்தை உண்டாக்குவதற்கும் அதன் அளவை நிர்ணயிப்பதற்குமே ஏற்பட்டவை என்பதை வாசகர்கள் போகப் போகக் காண்பார்கள்.

கண்ணாக நாம் அமர்த்திக்கொள்வது கம்பரேட்டர் என்னும் ஐ.சி. கடைகளில் எல்.எம். 393 என்று கேட்டால் எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு கறுப்புப் பூச்சியைப் போன்றதை எடுத்துக் கொடுப்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் அதற்கு ஒரு காப்பியின் விலைகூட ஆகாது. அதனுள் இரண்டு கம்பரேட்டர்கள் இருக்கின்றன. நமக்கு ஒன்று போதும். கம்பரேட்டர் என்பது ஒரு தராசு. அதற்கு இரண்டு தட்டுக்கள், அதாவது இரண்டு உள்வாய்கள். கூட்டல் குறியிட்ட வாயில் உள்ள மின்னழுத்தம் கழித்தல் குறியிட்ட வாயில் உள்ளதைவிட மிகுந்திருந்தால் வெளிவாய் முழுதும் மேலே ஏறிவிடும். குறைந்திருந்தால் முழுதும் கீழே இறங்கிவிடும். நடுவில் நிற்பது என்பது அதன் சுபாவத்தில் இல்லை. எவ்வளவு மிகுதி, எவ்வளவு குறைவு என்பதையும் அது பொருட்படுத்துவதில்லை; 10 வோல்ட் மிகுந்தாலும் 10 மில்லிவோல்ட் மிகுந்தாலும் அதன் தீர்ப்பு ஒன்றே. ஆகவே கழித்தல் வாயைப் பூஜ்ய மட்டத்தில் கட்டிவிட்டுக் கூட்டல் வாயில் நம் மின்னலையைக் கொடுத்தால், அலையின் துருவத்தை அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பூஜ்ய மட்டம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். ஆனால் மின்னலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும் ஆகையால், கம்பரேட்டருக்கும் பூஜ்யத்துக்குக் கீழே ஓர் ஆதாரம் வேண்டும். ஒற்றை பாட்டரியில் இயங்கும் எல்.எம். 393 தன் கீழ்மட்டத்துக்கும் 0.3 வோல்ட் கீழே போகும் உள்வரவைச் சகிக்காது. இதற்குப் பலவிதமான பரிகாரங்கள் உண்டெனினும், புதிதாகச் செய்து பார்ப்பவருக்கு மிகவும் தெளிவானது இரட்டை பாட்டரிதான். பென்சில் செல் நான்கு நான்காக இரண்டு வரிசைகளைத் தொடுத்து, இரண்டும் சந்திக்கும் நடுப்புள்ளியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், மேலே 6 வோல்ட்டும் கீழே 6 வோல்ட்டும் கிடைத்துவிடுகின்றன. எல்.எம். 393-இன் வெளிவாய் கீழே இழுக்க வல்லதே தவிர மேலே தள்ளும் சக்தி இல்லாதது. அதனால் வெளிவாயிலிருந்து மேல் பாட்டரிக்கு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, மேலே ஏறுவதற்கு ஓர் ஏணி அமைத்துக் கொடுக்கவேண்டும். இந்த ஒரு ரெசிஸ்டரை மறந்துவிட்டு, ஐ.சி. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் அநேகர்.

இவ்வளவோடு காரியம் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை, உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. உச்சியில் 1 வோல்ட் உள்ள 50 சுழற்சி மின்னலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில்தான் அதன் வேகம் மிகுதி. ஆயினும் அந்த மிகுதியான வேகமும் மைக்ரோசெகண்டுக்கு 0.3 மில்லிவோல்ட் அளவுதான். இனி, எந்த மின்னலையும் பரிசுத்தமாக வருவதில்லை. பக்கத்து மோட்டார், குழல்விளக்கு, வானொலி நிலையம் ஆகியவற்றின் கைங்கரியத்தால் ஒரு 5 மில்லிவோல்ட் அளவுக்கு நடுக்கம் அதன்மேல் எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கும். பூஜ்யத்துக்கு 5 மில்லிவோல்ட் கீழிருந்து 5 மில்லிவோல்ட் மேலே வருவதற்கு நம் அலை 30 மைக்ரோசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் முழுவதும் நடுக்கம் அதனை மேலும் கீழுமாக அலைக்கழிக்கிறது. கம்பரேட்டரோ ஒன்றரை மைக்ரோசெகண்டுக்குள் தீர்ப்பு மாற்றக்கூடிய சுறுசுறுப்பு உடையது. விளைவு, ஒரு தடவை மாறவேண்டிய துருவம் பத்துப் பதினைந்து தடவை மாறியதாக அறிக்கை வருகிறது. மாறுதல்களை எண்ணும் கருவி ஒன்று பின்னால் இருக்குமானால், செகண்டுக்கு 100 என்று காட்டவேண்டியது, நிமிஷத்துக்கு ஒரு விதமாக ஆயிரத்தையும் தாண்டிய எண்களைக் காட்டும். தராசு மிகவும் நுட்பமாக இருப்பதே இங்கே தோஷம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஓர் அமெரிக்க இளைஞர். அவர் கண்டுபிடித்த வழியோ மின்சாரத்துக்கு வெகு தூரத்தில், கடலில் இருந்தது. ஆட்டோ ஷ்மிட் என்பவர் பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்தபோது, கணவாய் என்று நம் கடற்கரையோரங்களில் வழங்கும் இனத்தைச் சேர்ந்த பிராணியின் நரம்புகளில் மின்துடிப்பு எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்து வந்தார். அப்பிராணியின் நரம்பிழை ஒன்று மிகவும் பருமனானதாகையால் அக்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். நரம்பு தூண்டுதலின் அளவுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்லுவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டும் வரையில் மௌனமாக இருந்து, தாண்டியதும் முழுத் துடிப்பாகத் துடித்துவிடுகிறது. இந்த ஆராய்ச்சியின் நேர்ப்பயனாக 1934-இல் அவர் இரண்டு வால்வுகளைக் கொண்டு ஒரு சுற்றை அமைத்தார். 1938-இல் அது பத்திரிகையில் வெளியாயிற்று. இன்று கோடிக்கணக்கான ஐ.சி.க்களுக்குள் அது ஷ்மிட் டிரிக்கர் என்ற பெயரோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஜீவராசிகளின் அமைப்பைப் பார்த்து யந்திரங்களை அமைக்கும் கலையில் ஷ்மிட் கடைசி வரையில் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதையும், அத்துறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டவர் அவரே என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அவருடைய தந்திரம் இதுதான்: வெளிவாயின் தீர்ப்பிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து, உள்வாய்க்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. தீர்ப்பு மேலே இருந்தால் அந்தப் பங்கு உள்வாயைச் சற்று மேலே தூக்கிப் பிடித்திருக்கும்; ஆகவே அலை பூஜ்யத்துக்கு வந்தால் மட்டும் போதாது, பூஜ்யத்தைத் தாண்டிச் சிறிது தூரம் கீழே போனால்தான் தீர்ப்பு மாறும். மாறியதும் அந்தப் பங்கும் பக்கம் மாறிவிடுகிறது. இப்போது உள்வாய் கீழ்நோக்கி இழுக்கப்பட்டிருப்பதால், அலை திரும்பவும் பூஜ்யத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் மேலே வந்தாலொழிய பழைய தீர்ப்புக்குத் திரும்ப முடியாது. தராசின் முள் சற்றுத் துருப்பிடித்து, சாய்ந்த பக்கத்திலேயே கொஞ்சம் பிடிவாதமாக நிற்கும்படி நாமே செய்துவிட்டோம் என்று சொல்லலாம். முன்பு எந்தப் பக்கம் இருந்தோம் என்ற ஞாபகம் சுற்றுக்குள் முதன்முதலாகப் புகுந்த இடம் இது.

கணக்கும் எளியதே. மின்னலையை 10 கிலோஓம் ரெசிஸ்டரின் வழியாகக் கூட்டல் வாய்க்குக் கொடுத்து, வெளிவாயிலிருந்து அதே வாய்க்கு 1 மெகாஓம் ரெசிஸ்டரால் ஒரு பாதை போடுகிறோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்று. வெளிவாய் 6 வோல்ட் ஏறி இறங்குவதால், தீர்ப்பு மாறுவதற்கான எல்லைகள் பூஜ்யத்துக்கு மேலே 60 மில்லிவோல்ட்டிலும் கீழே 60 மில்லிவோல்ட்டிலும் அமைந்துவிடுகின்றன. 5 மில்லிவோல்ட் நடுக்கம் இந்த அகழியைத் தாண்டித் திரும்ப முடியாது. கூட்டல் வாய்க்கும் நடுப்புள்ளிக்கும் இடையே 1என் 4148 டையோடுகள் இரண்டை எதிரெதிர் முகமாகப் போட்டுவிட்டால், அலை 10 வோல்ட் உயரம் வந்தாலும் அந்த வாயில் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. மிகுதியெல்லாம் 10 கிலோஓம் ரெசிஸ்டரின் தலையில் விழும். பூஜ்யத்தை ஒட்டிய இடத்தில் இந்த டையோடுகள் உறங்கிக்கொண்டிருப்பதால் தீர்ப்புக்கு அவற்றால் இடையூறு கிடையாது.

பிடிவாதத்துக்கு ஒரு விலையும் உண்டு; அதை மறைப்பது நியாயமல்ல. அலை பூஜ்யத்தைக் கடந்த க்ஷணத்தில் அல்லாமல், கடந்து 60 மில்லிவோல்ட் போன பிறகே சுற்று வாய் திறக்கிறது. உச்சியில் 10 வோல்ட் உள்ள 50 சுழற்சி அலைக்கு இது 19 மைக்ரோசெகண்டு தாமதம்; யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. உச்சியில் 1 வோல்ட்டே உள்ள அலைக்கு அதுவே 191 மைக்ரோசெகண்டாகிவிடுகிறது. சுழற்சியின் பாகையில் சொன்னால் ஏறக்குறைய மூன்றரைப் பாகை. வோல்ட்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தை அளந்து, ஆலைகளில் பவர் ஃபாக்டர் கணிக்க நினைக்கிறவருக்கு இந்த மூன்றரைப் பாகை பெரிய பிழை. அவர் எல்லைகளைக் குறுக்கிக்கொண்டு, நடுக்கத்தை முன்னதாகவே வடிகட்டவேண்டும். மோட்டாரின் சுழற்சியை எண்ணுகிறவருக்கோ இது ஒரு பிழையே அல்ல. எவ்வளவு பிடிவாதம் தகும் என்பது வேலையைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் எண்ணை எந்தப் புத்தகமும் தர முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு நம் கையில் இருப்பது துருவம் எது என்னும் தெளிவான தீர்ப்பு. துருவம் மாறியது என்னும் அறிவிப்பு இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு விநோதமான உபாயம் உண்டு. தீர்ப்பை இரண்டு வழிகளில் அனுப்பவேண்டும்: ஒன்று நேர்வழி, மற்றொன்று சற்றுத் தாமதமாகும் வழி. இரண்டும் போய்ச் சேரும் இடத்தில், இரு வரவுகளும் ஒன்றாக இருந்தால் வாளாவிருந்து, வேறுவேறாக இருந்தால் மாத்திரம் குரல் கொடுக்கும் காவலாளி ஒருவனை நிறுத்தவேண்டும். தீர்ப்பு மாறாதிருக்கும் வரையில் இரண்டு வழிகளிலும் ஒரே செய்தி வருகிறது, காவலாளி பேசுவதில்லை. மாறிய கணத்தில் நேர்வழியில் புதிய செய்தியும் தாமத வழியில் பழைய செய்தியும் வந்து நிற்பதால் அவன் குரல் எழுப்புகிறான். பழைய செய்தியும் புதியதாகியவுடன் அடங்கிவிடுகிறான். மேலிருந்து கீழே மாறினாலும் கீழிருந்து மேலே மாறினாலும் அவனுக்கு ஒன்றுதான்.

அந்தக் காவலாளியின் பெயர் எக்ஸ்-ஆர் கேட். 4070 என்ற எண்ணுள்ள ஐ.சி.யில் அப்படிப்பட்ட நான்கு கேட்டுகள் இருக்கின்றன, 12 வோல்ட்டில் சௌகரியமாக வேலை செய்யும். தாமத வழிக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதன் மறுமுனையிலிருந்து கீழ் பாட்டரிக்கு 0.001 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றும் போதும். இரண்டின் பெருக்கம் 100 மைக்ரோசெகண்டு. கண்டென்சர் பாதி உயரம் நிறைவதற்கோ வடிவதற்கோ அதில் பத்தில் ஏழு பங்கு ஆகுமாகையால், ஒவ்வொரு மாறுதலுக்கும் சுமார் 70 மைக்ரோசெகண்டு நீளமுள்ள ஒரு துடிப்பு வெளியே வரும். நான் மேலே 4.7 கிலோஓம் என்று சிறிய ஏணியைச் சொன்னதற்குக் காரணம் இங்கே விளங்கும்: தீர்ப்பு மேலே ஏறும்போது கண்டென்சர் அந்த ஏணி வழியாகவும் நிறையவேண்டியிருப்பதால், ஏணி பெரிதாக இருந்தால் ஏறும்போது ஒரு நீளமும் இறங்கும்போது ஒரு நீளமுமாகத் துடிப்புக்கள் வேறுபட்டுவிடும். உபயோகிக்காத மூன்று கேட்டுகளின் உள்வாய்களை அந்தரத்தில் விடாமல் ஏதாவது ஒரு பாட்டரி முனையில் கட்டிவிடுவது உத்தமம்.

70 மைக்ரோசெகண்டுத் துடிப்பை எண்ணும் கருவி எளிதில் காணும். மனிதக் கண்ணுக்கு அது புலப்படாது. எல்.இ.டி. மின்னுவதைப் பார்க்க விரும்புகிறவர் கண்டென்சரை 1 மைக்ரோஃபாரடாக மாற்றிக்கொண்டால், துடிப்பு 70 மில்லிசெகண்டாக நீண்டு கண்ணுக்குத் தெரியும். ஆனால் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை துருவம் மாறும் வீட்டு மின்சாரத்தில் இந்த நீண்ட ஞாபகம் உதவாது. தாமத வழியில் புதிய செய்தி வந்து சேருமுன்பே அடுத்த மாறுதல் நேர்ந்துவிடும். தொலைபேசியைப் போல எப்போதாவது மாறும் இடங்களுக்கே அது தக்கது.

தொலைபேசியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மணி அடிப்பதற்காக நிலையம் அனுப்பும் மின்சாரம் 75 வோல்ட் அளவுள்ள மாறுமின்சாரம். 25 சுழற்சி என்று கொண்டால், அது கம்பியில் ஓடும்போது துருவம் செகண்டுக்கு 50 முறை மாறுகிறது. நம் சுற்று இதையெல்லாம் மறுமுனையில் ஒருவர் எடுத்ததற்கு அடையாளம் என்று கொண்டால் கணக்குப் புத்தகம் பாழாகிவிடும். ஆகவே அங்கே கம்பரேட்டருக்கு முன்பே கால் செகண்டு அளவுள்ள ஒரு தாமதத்தை வைத்து, அவ்வளவு நேரம் நிலைத்து நிற்கும் துருவத்தை மாத்திரம் ஏற்றுக்கொள்ளச் செய்கிறார்கள். கம்பியோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளாமல், ஒளியின் மூலம் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளர் இரண்டை, ஒவ்வொரு திசைக்கு ஒன்றாக, நடுவில் வைப்பதும் வழக்கம்.

வீட்டு மின்சாரத்தை நோக்கித் திரும்பும்போது எச்சரிக்கை ஒன்று கண்டிப்பாக வேண்டும். 230 வோல்ட் என்று பெயர் பெற்றது உச்சியில் 325 வோல்ட் வரை எழுகிறது. மேலே விவரித்த சுற்றை அதில் நேரே இணைப்பது உயிரோடு விளையாடுவதாகும். 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டால் ஆபத்து நீங்கிவிடும். அதன் வெளிவாயில் உச்சி எட்டரை வோல்ட் இருக்கும், நம் சுற்றுக்கு அது பொருத்தமான அளவு. தொழிற்சாலைகளில் செய்யும் பலகைகளில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதில்லை. எதிரெதிர் முகமான இரண்டு எல்.இ.டி.க்களையும் ஓர் ஒளி டிரான்சிஸ்டரையும் ஒரே கூட்டுக்குள் அடைத்த ஹெச்11ஏஏ1 என்னும் ஆப்டோகப்ளரை, 47 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இரண்டின் வழியாக மின்கம்பியில் இணைத்துவிடுகிறார்கள். அலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது ஒரு எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கும், பூஜ்யத்தை நெருங்கும்போது மாத்திரம் இரண்டும் அணையும். அந்தச் சிறிய இருட்டே துருவம் மாறுகிறது என்பதற்கு அறிவிப்பு. பூஜ்யத்துக்குச் சற்று முன்பே தொடங்கிச் சற்றுப் பின்னே முடிவதால், அதன் நடுவில்தான் உண்மையான கடப்பு இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து அரை வாட்டுக்குச் சிறிது மேலாகச் சூட்டை வெளியிடும். கால் வாட் ரெசிஸ்டர்களைப் போட்டுச் சிக்கனம் செய்வது கருகும் நாற்றத்தில் போய் முடியும்.

விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சாதனங்கள் பலவற்றில் இந்த அறிவிப்பின்றி ஒன்றும் நடவாது. அவற்றில் உள்ள டிரையாக் என்னும் மின்கதவு, கரண்டு பூஜ்யத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் தானே மூடிக்கொண்டுவிடும் இயல்பினது; ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் அதைப் புதிதாகத் திறந்துவிடவேண்டும். பூஜ்யம் கடந்த உடனே திறந்தால் விளக்கு முழு ஒளியோடு எரியும். 5 மில்லிசெகண்டு கழித்துத் திறந்தால் பாதி மின்சக்திதான் போகும். பூஜ்யம் எப்போது என்பதில் ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிது தடுமாற்றம் நேர்ந்தால், விளக்கு காற்றில் ஆடும் சுடரைப் போல் மினுங்கும். சுமார் 1975-இல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்-10 என்ற முறையோ, வீட்டு மின்கம்பிகளின் வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புவதற்கு, அலை பூஜ்யத்தைக் கடக்கும் அந்த அமைதியான இடைவெளியையே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

உபயோகங்களின் ஜாபிதாவை நீட்டிக்கொண்டே போகலாம். அதைவிட, இந்தச் சுற்றைச் செய்தவர்கள் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கக்கூடிய பரிசோதனை ஒன்றைச் சொல்லுவது மேலானது. 1948-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிக்லைடர், பொல்லாக் என்னும் இருவர், மனிதப் பேச்சின் மின்னலையிலிருந்து எல்லா ஏற்றத்தாழ்வுகளையும் வெட்டியெறிந்துவிட்டு, அது எப்போது பூஜ்யத்தைக் கடக்கிறது என்பதை மாத்திரம் மிச்சம் வைத்தால் கேட்பவர்களுக்கு என்ன புரியும் என்று ஆராய்ந்தார்கள். உரத்த குரலும் மெல்லிய குரலும் ஒரே உயரமாகி, அலை என்பது மேல், கீழ் என்ற இரண்டே நிலைகளைக் கொண்ட கட்டைச் சுவராகிவிடுகிறது. நம் கம்பரேட்டரின் வெளிவாயில் கிடைப்பது இதுவேதான். காதுக்குக் கரடுமுரடாக இருந்தாலும் அந்தப் பேச்சு பெரும்பாலும் புரிந்தது. வெட்டுவதற்கு முன்பு உயர்ந்த சுருதிகளை ஓங்கவிட்டுத் தாழ்ந்த சுருதிகளை அடக்கி அனுப்பினால், ஏறக்குறைய எல்லாச் சொற்களுமே புரிந்தன. இந்த லிக்லைடரே பிற்காலத்தில் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் அமர்ந்து, கணினிகளைக் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்கு வித்திட்டவர்.

ஒலிவாங்கியின் மெல்லிய மின்னலையை ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரால் 1 வோல்ட் அளவுக்கு உயர்த்திச் சுற்றில் செலுத்தி, கம்பரேட்டரின் வெளிவாயை ஒலிபெருக்கியோடு கூடிய மற்றோர் ஆம்ப்ளிஃபையரில் அடக்கமான அளவில் கேட்டால், அவர்கள் கண்டதை நாமும் காணலாம். 1 மெகாஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுக் கேட்பது ஒரு பாடம்: பேச்சின் இடைவெளிகளிலெல்லாம் இரைச்சல் பேச்சின் அளவுக்கே ஓங்கி ஒலிக்கும், ஏனெனில் நடுக்கத்துக்கும் குரலுக்கும் உயர வித்தியாசம் பாராட்டத் தெரியாத தராசு அது. ரெசிஸ்டரை மறுபடி பொருத்தினால் இடைவெளிகள் அடங்கிவிடும்; ஆனால் அதோடு 'ச', 'ஷ' போன்ற மெல்லிய காற்றொலிகளும் 60 மில்லிவோல்ட் எல்லைக்குள் சிக்கி மறையத் தொடங்கும். உயிரெழுத்துக்களின் பெரிய, மந்தமான அலைகளின்மேல் இந்த மெல்லொலிகள் சிறு சுருக்கங்களாகச் சவாரி செய்வதால், தாங்களாகப் பூஜ்யத்தைக் கடக்கும் சந்தர்ப்பமே அவற்றுக்கு அரிது. உயர்ந்த சுருதிகளை முன்னதாக ஓங்கவிட்டதன் ரகசியமும் இதுவே. ஒலிவாங்கிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே சிறிய கண்டென்சர் ஒன்றைத் தொடரிலும், அதன்பின் ரெசிஸ்டர் ஒன்றை நடுப்புள்ளிக்கும் வைத்துவிட்டு, குறைந்துபோன வலிமையை ஆம்ப்ளிஃபையரால் ஈடுசெய்துகொண்டால், மறைந்த எழுத்துக்கள் திரும்பி வரும். அப்படியும் வராதவற்றுக்காக 1 மெகாஓமுக்குப் பதில் 2.2 மெகாஓம் போட்டு எல்லையை 27 மில்லிவோல்ட்டாகக் குறுக்கிப் பார்க்கலாம்.